பல வருடம் கழித்துத் திரும்பும் தொடர்: முதலிலிருந்து பார்ப்பதா, நேராக உட்கார்ந்துவிடுவதா?

தேதி அறிவித்தாயிற்று, டிரெய்லரும் வந்தாயிற்று. முதல் நாள் முழுக்கக் கொண்டாட்டம்தான். டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம், மூலையில் தெரியும் நிழல் யாருடையது என்று நண்பர்களோடு சண்டை போடுகிறோம். இரண்டாம் நாள் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லையே, மறுபடி முதலிலிருந்து பார்க்கணுமா?"

அறிவியல் புனைவுத் தொடர்களில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். குடும்பக் கதையில் யாருக்கு யார் உறவு என்பது மறந்தால் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். இங்கே மறந்துபோவது அந்த உலகத்தின் விதிகள். எந்தக் கதவு எந்த வருடத்துக்குத் திறக்கும், யார் அசல், யார் நகல் என்பது தெரியாமல் உள்ளே போனால் நல்ல காட்சிகூடக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

இடைவெளிகளும் நீண்டுகொண்டே போகின்றன. 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது, இரண்டாவது வந்தது 2025 ஜனவரியில். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' மூன்றாம் சீசன் 2019இல், நான்காவது 2022இல், ஐந்தாவது 2025 நவம்பரில். நடுவில் கொரோனா வந்தது. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். காத்திருந்த நம் நினைவு மங்கியதில் ஆச்சரியம் இல்லை.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம். 'செவரன்ஸ்' முதல் சீசனின் முடிவைத் தொட்டுப் பேசுவேன். அதை இன்னும் பார்க்காதவர்கள் ரீகேப், அதாவது முன்கதைச் சுருக்கம், பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

## முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, அது தொடர்கதையா, எபிசோடுக்கு ஒரு கதையா. இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

இரண்டாவது, கதைக்குள் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது. நமக்கு மூன்று வருடம் போயிருக்கும், பாத்திரங்களுக்கு மூன்று நிமிடம்கூடப் போயிருக்காது. விட்ட நொடியிலிருந்தே தொடரும் கதை என்றால் கடைசி எபிசோட் அத்துப்படியாக இருக்க வேண்டும். பல வருடம் தாண்டித் தொடங்கும் கதை என்றால் எழுதியவர்களே நமக்குப் புதிதாக அறிமுகம் செய்துவைப்பார்கள்.

மூன்றாவது, உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது. ஆசையாகச் சொல்லும் கணக்கு வேண்டாம். போன வாரம் உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று பார்த்து அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம்: நீங்கள் மறந்தது எதை? இதைக் கண்டுபிடிக்க ஒரு தாளை எடுத்து நெட்டுக்குக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள். முதலில் முக்கியமானவர்களின் பெயர். அடுத்து, கடைசியாகப் பார்த்தபோது அவர்கள் எங்கே நின்றார்கள். மூன்றாவது பத்தியில், யார் மேல் யாருக்கு அன்பு, யார் மேல் யாருக்குக் கோபம், ஏன். 'செவரன்ஸ்' இரண்டாம் சீசனுக்கு முன்பு நான் இப்படி எழுதிப் பார்த்தேன். மார்க், ஹெல்லி, டிலன், இர்விங் என்று நான்கு பெயரும் வந்தன. லூமன் நிறுவனம், மூளையில் பொருத்தும் சிப், அலுவலக நினைவும் வீட்டு நினைவும் ஒன்றையொன்று அறியாதது எல்லாம் வந்தது. மூன்றாவது பத்தியில் "இர்விங்குக்கு பர்ட்டைப் பிடிக்கும்" என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிட்டது. 2022இல் அந்த இருவரின் காட்சிகளில் எனக்குத் தொண்டை அடைத்தது. தாளில் அது வெறும் தகவலாகக் கிடந்தது.

இடைவெளியில் நாம் உண்மையில் இழப்பது அந்த மூன்றாவது பத்தியைத்தான். சம்பவங்களை யாரும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். பாத்திரங்களின் மேல் நமக்கு இருந்த ஒட்டுதலைச் சொல்லித் தர முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

## முதலிலிருந்து முழு ரீவாட்ச்

'டார்க்' மாதிரி இறுக்கமாகப் பின்னிய தொடருக்கு இதற்கு ஈடு கிடையாது. நான்கு குடும்பங்கள், 33 வருடச் சுழற்சி, 1953, 1986, 2019 என்று மூன்று காலம், ஒரே ஆளுக்கு மூன்று வயதில் மூன்று முகம். மூன்றாம் சீசனுக்கு முன்பு இருந்தவை 18 எபிசோட்கள்தான். ரெஜினாவின் விடுதியில் வந்து தங்கும் அந்த அந்நியன் யார் என்று தெரிந்த பிறகு முதல் சீசனைப் போட்டுப் பாருங்கள். அவன் பேசும் சாதாரண வார்த்தைகூட வேறு மாதிரி கேட்கும். மூன்றாம் சீசன் வெளியானது 2020 ஜூன் 27 அன்று, கதைக்குள் உலகம் அழியும் அதே தேதியில். அந்த நாளுக்குச் சரியாக ரீவாட்சை முடித்து உட்கார்ந்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும்.

இன்னொரு நல்ல காரணம், கூட ஒரு புதியவர் இருப்பது. இதுவரை பார்க்காத ஒருவரோடு பார்க்கும்போது பழைய எபிசோடும் புதிதாகிவிடும். நமக்குத் தெரிந்த திருப்பம் வரப்போகிறது என்று திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மறைவான செலவுகள் இதில்தான் அதிகம். நேரம் எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 'எக்ஸ்-ஃபைல்ஸ்' 2016இல் திரும்பியபோது பழையவை 202 எபிசோட்கள். முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் 150 மணி நேரத்துக்கு மேல். தினமும் இரண்டு பார்த்தால் மூன்று மாதம் தாண்டும். திரும்பி வந்ததோ ஆறே எபிசோட்கள்.

அதைவிட மோசமானது பாதியில் நிற்பது. பலருக்கு நடப்பது இதுதான்: உற்சாகமாக முதல் சீசனில் தொடங்குவார்கள், இரண்டாவதன் நடுவில் இருக்கும்போது தேதி வந்துவிடும், அப்படியே புதியதற்குத் தாவிவிடுவார்கள். முதல் சீசன் மனப்பாடமாக இருக்கும், புதிய கதை எங்கிருந்து தொடர்கிறதோ அந்தக் கடைசி சீசன் மட்டும் மறந்திருக்கும். நேரம் போதுமா என்று கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசி சீசனை முதலில் முடித்துவிட்டு, நேரம் மிஞ்சினால் முன்னால் போகலாம்.

பழைய எபிசோட்கள் இருந்த இடத்தில்தான் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். 'வெஸ்ட்வேர்ல்ட்' 2022 நவம்பரில் ரத்தானது, டிசம்பரில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த ஓடிடியிலிருந்தே எடுக்கப்பட்டது. திட்டம் போடும் முன் எல்லா சீசனும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' போன்றவற்றில் இன்னொன்றும் உண்டு. கதை 1983இல் தொடங்குகிறது, ஐந்தாம் சீசனில் 1987. அதற்குள் நடிகர்களுக்கு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. மெதுவாகப் பார்த்து வந்தவர்களுக்கு அது உறுத்தவில்லை. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பார்க்கிறவருக்கு அந்தப் பிள்ளைகள் சீசனுக்கு சீசன் திடீரென்று வளர்ந்து நிற்பது கண்ணில் குத்தும்.

## ரீகேப் பார்த்துவிட்டுப் போவது

பத்து, இருபது நிமிடத்தில் வேலை முடியும். முதல் இரண்டு பத்தியும் நிரம்பிவிடும். மூன்றாவது நிரம்பாது.

ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். 'செவரன்ஸ்' முதல் சீசனின் கடைசி எபிசோட். ரீகேப்பில் இது ஒரு வரி: "டிலன் உதவியதால் மற்ற மூவரும் வெளியுலகில் விழித்தெழுந்தார்கள்." எபிசோடில் டிலன் இரண்டு கையையும் முழுதாக விரித்து, அவர்களின் அலுவலக நினைவை வெளியுலகில் விழித்திருக்க வைக்கும் இரண்டு சுவிட்சையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றை விட்டால்கூட எல்லாம் முடிந்தது. கதவைத் தன் பெல்ட்டால் கட்டி வைத்திருக்கிறான். வெளியே லூமனின் மேலாளர் மில்சிக் ஒரு பக்கம் கெஞ்சுகிறான், ஆசை காட்டுகிறான், இன்னொரு பக்கம் கதவை உடைக்கப் பார்க்கிறான். வெளியில் இருக்கும் மூவரும் எங்கே ஓடினாலும் டிலனின் கை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற பதற்றத்திலேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் மார்க் ஒரு புகைப்படத்தைப் பிடித்தபடி ஒற்றை வரியைக் கத்துகிறான், திரை இருண்டுவிடுகிறது. நான் ரீகேப் மட்டும் பார்த்துவிட்டு இரண்டாம் சீசனின் முதல் எபிசோடுக்குப் போனேன். மார்க் அந்த வெள்ளைத் தாழ்வாரங்களில் மூச்சு வாங்க ஓடினான். எதற்கு ஓடுகிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அவனோடு ஓடவில்லை. மறுநாள் பழைய கடைசி எபிசோடை முழுதாகப் பார்த்துவிட்டு அதே ஓட்டத்தைத் திரும்பப் போட்டேன், நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

மறைவான செலவு ஸ்பாய்லர், அதாவது கதையின் திருப்பம் முன்கூட்டியே தெரிந்துபோவது. ரீகேப் வீடியோவைத் தேடிப் போனால் பக்கத்திலேயே டிரெய்லர் அலசல், கசிந்த தகவல், "இவர் சாகப்போகிறாரா?" என்ற முகப்புப் படம் எல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு முறை நான் எதையும் தொடாமலேயே, முகப்புப் படத்தில் இருந்த ஒரே ஒரு முகத்தால், யார் திரும்பி வருகிறார் என்பது தெரிந்துபோனது. மூன்று வருடம் காத்திருந்த ஆச்சரியம் அது. இன்றுவரை ஆறவில்லை.

தொடரே எபிசோடின் தொடக்கத்தில் போடும் முன்கதையும் ஒரு வகையில் காட்டிக்கொடுக்கும். இரண்டு சீசனாகக் காணாமல் போன ஒருவரை அதில் அரை நொடி காட்டினால், அன்றைக்கு அவர் வரப்போகிறார் என்று பழகிய ரசிகருக்குப் புரிந்துவிடும். நினைவு நன்றாக இருப்பவர்கள் அதைத் தாண்டிவிடுவதே மேல்.

கடைசி சீசன் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் ரீகேப் போதும். அப்போதும் வீடியோவைவிட எழுத்தில் படிப்பது பாதுகாப்பு. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், கடைசி சீசனை மட்டும் படித்துவிட்டு மூடிவிடலாம்.

## தேர்ந்தெடுத்த சில எபிசோட்கள்

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்று நான்கு எபிசோட் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் முழுதாக, ஓட்டாமல் பார்க்க வேண்டும்.

கடைசி சீசனின் இறுதி இரண்டு எபிசோட்கள் கட்டாயம். தொடரின் முதல் எபிசோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வரப்போவது இறுதி சீசன் என்றால் விடவே கூடாது. முடிக்கப் போகும் எழுத்தாளர்கள் தொடங்கிய இடத்தைத் திரும்பித் தொடுவார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' ஐந்தாம் சீசன் 1983 நவம்பருக்கே திரும்பிப் போய், தலைகீழ் உலகில் தனியாக மாட்டிக்கொண்ட சின்னப் பையன் வில்லிடம்தான் தொடங்குகிறது. அவன் சைக்கிளில் வீடு திரும்பும் அந்த முதல் இரவை முந்தைய நாள்தான் பார்த்திருந்தால் அந்தக் காட்சி எங்கே போய்த் தைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம், உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் எபிசோட் ஒன்று. எந்தப் பட்டியலும் வேண்டாம், மனசில் முதலில் எது வருகிறதோ அதுதான்.

பழைய பெரிய தொடர்களில் இந்த வழியின் அருமை இன்னும் தெரியும். 'எக்ஸ்-ஃபைல்ஸ்' இரண்டு விதக் கதையால் ஆனது: வேற்றுக்கிரகச் சதியைத் தொடரும் எபிசோட்கள், ஒரே வாரத்தில் முடியும் தனிக்கதைகள். 2016இல் திரும்பிய முதல் எபிசோட் பழைய சதிக் கதையையே வேறு பக்கம் திருப்பியது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த இழையைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். அந்த ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது ஓணான் மனிதன் வரும் தனிக்கதை. எழுதியவர் டேரின் மார்கன். 1995இல் அவர் எழுதிய 'க்ளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரெபோஸ்' எபிசோடை முந்தைய நாள் பார்த்துவிட்டால் துப்பறியும் ஜோடி மல்டரும் ஸ்கல்லியும் விட்ட இடத்திலிருந்து பேசுவது போல இருக்கும். தொடரின் முதல் எபிசோடும் இதுவும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான்.

'ட்வின் பீக்ஸ்' முழு அறிவியல் புனைவு இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1991இன் கடைசி எபிசோடில் லாரா, 25 வருடம் கழித்துச் சந்திப்போம் என்கிறாள். தொடர் உண்மையிலேயே 2017இல் திரும்பியது. பழைய 30 எபிசோடையும் பார்த்தவர்கள்கூடப் பாதியில் தடுமாறினார்கள், 1992இல் வந்த 'ஃபயர் வாக் வித் மீ' படத்தை அவர்கள் விட்டிருந்தால். புதிய சீசனில் வரும் பச்சை மோதிரமும் பிலிப் ஜெஃப்ரீஸ் என்ற பாத்திரமும் அந்தப் படத்திலிருந்து வந்தவை. முதல் எபிசோட், 1991இன் கடைசி எபிசோட், அந்தப் படம். எனக்கு நேரம் குறைவு என்றால் இந்த மூன்றுதான்.

குறை என்னவென்றால், எந்த இழையைப் புதிய சீசன் கையில் எடுக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. நாம் விட்டுவிட்ட எபிசோடிலேயே முடிச்சு இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு ரீகேப் கைகொடுக்கும். மற்றவர்களின் "சிறந்த பத்து" பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். மதிப்பெண் அதிகம் வாங்குபவை பெரும்பாலும் சண்டையும் திருப்பமும் நிறைந்தவை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் மெதுவான எபிசோடில்தான் மூன்றாவது பத்தி நிரம்பும்.

## எந்தத் தயாரிப்பும் இல்லாமல் நேராக

இது சோம்பேறித்தனம் இல்லை, சில தொடர்களுக்கு இதுதான் சரியான வழி. 'டாக்டர் ஹூ' 1963இல் தொடங்கி 1989இல் நின்றது. நடுவில் 1996இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம். 2005 மார்ச் 26 அன்று திரும்பியபோது முதல் எபிசோடின் பெயரே 'ரோஸ்'. கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் கண் வழியாகத்தான் காலத்தில் பயணிக்கும் டாக்டரைப் பார்க்கிறோம். அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரிய வேண்டியதில்லை. 26 சீசன் பழைய கதையைத் தேடி அலைந்திருந்தால் பலர் தொடங்கியே இருக்க மாட்டார்கள்.

'பிளாக் மிரர்' மாதிரி தனிக்கதைத் தொகுப்புக்கும் அப்படியே. ஒரே ஒரு விலக்கு: 2025இல் வந்த ஏழாம் சீசனின் கடைசி எபிசோட், 2017இல் வெளியான 'யுஎஸ்எஸ் காலிஸ்டர்' கதையின் தொடர்ச்சி. அந்தப் பழைய எபிசோடை மட்டும் பார்த்துவிடுங்கள்.

தொடர்கதைக்கு இந்த வழியில் போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். "இவன் யாரு?" என்று பக்கத்தில் இருப்பவரை இருபது தடவை கேட்போம். பிறகு போனை எடுத்து அந்தப் பெயரைத் தட்டுவோம். பெயரை முடிப்பதற்குள், அவர் எந்த எபிசோடில் இறந்தார் என்று தேடல் பெட்டியே எடுத்துக் கொடுத்துவிடும்.

## சீசன் முடியட்டும் என்று காத்திருப்பது

இரண்டு லாபம் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாக வருவதை ஒரே மூச்சில் பார்க்கலாம், ஓடிடி சந்தாவும் மிச்சம். 'செவரன்ஸ்' இரண்டாம் சீசன் 10 எபிசோட், ஜனவரி 17 முதல் மார்ச் 21 வரை ஓடியது. கூடவே போனவர்களுக்கு மூன்று மாதச் சந்தா, காத்திருந்தவர்களுக்கு ஒன்று. 'ஆண்டோர்' இரண்டாம் சீசன் வாரத்துக்கு மூன்று எபிசோடாக வந்தது, ஒவ்வொரு மூன்றும் கதைக்குள் ஒரு வருடம். அப்படிப்பட்டதை மும்மூன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் சுகம்.

ஆனால் எனக்கு மனசு வருவதில்லை. வாராவாரம் வருகிற தொடரில் பாதி உயிர் அந்த ஏழு நாள் பேச்சில் இருக்கிறது. நாம் சொன்ன தியரி பலித்ததா, பொய்த்ததா என்று அடுத்த வாரம் தெரியும்போது வரும் துள்ளல் ஒரே இரவில் பத்தும் பார்த்தால் கிடைக்காது. பத்து வாரம் ஸ்பாய்லர் படாமல் ஒளிந்து திரிவதும் லேசுப்பட்ட வேலை இல்லை.

அதோடு ஓடிடி நிறுவனங்கள் முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கவனமாகப் பார்க்கின்றன. ரத்தாகிவிடுமோ என்ற பயம் உள்ள தொடருக்குக் காத்திருக்காதீர்கள். 'தி எக்ஸ்பான்ஸ்' 2018இல் மூன்றாம் சீசனோடு ரத்தானபோது, ரசிகர்கள் பணம் சேர்த்து, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பேனரை விமானத்தில் கட்டி அமேசான் அலுவலகத்துக்கு மேல் பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது, இன்னும் மூன்று சீசன் வந்தது. அன்றைக்கு அவர்கள் "முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்கள் இல்லை.

## பார்க்காமலே விடுவது

இதையும் ஒரு வழியாகச் சேர்க்கிறேன். பழைய முடிவு உங்களுக்கு நிறைவாக இருந்தது, டிரெய்லர் பார்த்தும் ஆவல் எழவில்லை என்றால் விட்டுவிடலாம். ரசிகர் என்பதற்காக எல்லாவற்றையும் பார்த்துத்தான் தீர வேண்டும் என்று யாருக்கும் கடன்படவில்லை. பாதியில் தொங்கிய கதை என்றால் மட்டும் முதல் எபிசோடையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## திரும்பி வந்த சில தொடர்களுக்கு என் தேர்வு

| தொடர் | திரும்பும் முன் இருந்தது | இடைவெளி | எப்படிப் போவது |
|---|---|---|---|
| டார்க், 3ஆம் சீசன் (2020) | 18 எபிசோட் | 1 வருடம் | முழு ரீவாட்ச் |
| செவரன்ஸ், 2ஆம் சீசன் (2025) | 9 எபிசோட் | 2 வருடம் 9 மாதம் | முழுதும், முடியாவிட்டால் கடைசி 2 |
| ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ், 5ஆம் சீசன் (2025) | 34 எபிசோட் | 3 வருடம் 4 மாதத்துக்கு மேல் | முதல் எபிசோட், பிறகு 4ஆம் சீசன் |
| எக்ஸ்-ஃபைல்ஸ் (2016) | 202 எபிசோட் | 13 வருடத்துக்கு மேல் | தேர்ந்தெடுத்த தனிக்கதைகள் |
| ட்வின் பீக்ஸ் (2017) | 30 எபிசோட், 1 படம் | ஏறத்தாழ 26 வருடம் | முதலும் கடைசியும் படமும் |
| டாக்டர் ஹூ (2005) | 26 சீசன் | 15 வருடத்துக்கு மேல் | நேராக |

## நாளைக்கே வருகிறது, ஒரு மாலைதான் இருக்கிறது என்றால்

கடைசி சீசனின் கடைசி எபிசோடை மட்டும் பாருங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பெயர் மறந்த ஆள் வந்தால் வரட்டும், நிறுத்தித் தேட வேண்டாம். பத்து நிமிடத்தில் அவர் யார் என்று காட்சியே சொல்லிவிடும். முடிந்ததும் அந்தத் தாளை எடுத்து மூன்றாவது பத்தியை மட்டும் எழுதிப் பாருங்கள். இரண்டு பேரைப் பற்றியாவது மனசு இளகியோ கொதித்தோ ஒரு வரி வந்துவிட்டால் போதும், படுத்துத் தூங்குங்கள்.